ஐந்தாம் எண் வாசல்

காயல்பட்டினத்துக் கிதுரு பாத்திமா தன்னுடைய ஐம்பத்திரண்டாவது வயதில், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், வாழ்க்கையில் முதல் முறையாக ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். கிளம்பி ஐந்தாவது இடத்தைத் தாண்டுவதற்குள் அவளுடைய நிழல் ஒரு கதவில் மாட்டிக்கொண்டது.

ஜித்தாவின் பழைய நகரத்தில் இப்படி மாட்டிக்கொள்வது உண்டு. அங்கே இருக்கிறவர்கள் அதைத் தொல்லை என்று சொல்வார்களே தவிர அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருக்கிற மாதிரி, நிழல் மாட்டிக்கொண்டால் நாற்காலியை எங்கே போடுவது, தேநீரை எந்தக் கையில் கொடுப்பது என்பதெல்லாம் அந்தச் சந்துகளில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் கிதுரு பாத்திமா ஒருத்திதான், அவளும் ஒரு காலைப் பொழுதில் தெரிந்துகொண்டாள்.

அவள் உம்ராவுக்கு வந்திருந்தாள். மகள் நுஸ்ரத்துக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கி இரண்டு முறையும் கலைந்துபோய், மூன்றாம் முறை தங்கியபோது, பிள்ளை எட்டு மாதத்தைத் தாண்டினால் மக்காவுக்கு வந்து தொழுகிறேன் என்று நேர்ந்துகொண்டவள். எட்டு தாண்டிவிட்டது. இன்னும் நான்கு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புருஷன் மவுத்தாகி மூன்று வருடமாகிவிட்ட வீட்டில், பிள்ளை பிறக்கிற நேரத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொள்ள அவளை விட்டால் ஆள் கிடையாது. உம்ரா முடிந்து, கூட்டத்தோடு ஜித்தாவுக்கு வந்து, ஒரு பகல் மட்டும் மிச்சம். சாயங்காலம் நாலரைக்கு விமான நிலையத்துக்குப் பஸ்.

அந்த ஒரு பகலில் மற்ற பெண்கள் பேரீச்சம்பழமும் தொழுகை விரிப்பும் வாங்கக் கிளம்பிவிட, கிதுரு பாத்திமா ஹோட்டல் வரவேற்பு மேசையில் அடுக்கி வைத்திருந்த காகிதங்களில் ஒன்றை எடுத்தாள். பழைய நகரத்தின் வரைபடம். அதில் ஒன்றிலிருந்து பதினாலு வரை எண்கள், எண்களை இணைத்து ஒரு சிவப்புக் கோடு. அரபு எழுத்தைப் பார்த்ததும் ஓதத் தெரிந்தவள்தான், அர்த்தம்தான் தெரியாது. அதைப் படித்துக் காட்டிய வரவேற்புப் பையன், ஒன்றரை மணி நேரத்தில் தனியாகவே நடந்துவிடலாம், வழிகாட்டி தேவையில்லை, பதினாலாம் எண்ணில் கடல் வந்துவிடும் என்று கையைக் காட்டினான். தனியாகவே நடந்துவிடலாம் என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் போய் என்னவோ செய்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒன்று, பழைய கோட்டை வாசல். இரண்டு, கடலிலிருந்து வெட்டியெடுத்த கல்லால் கட்டி, மாடிக்கு மாடி மர ஜன்னல்களைப் பெட்டி பெட்டியாகத் தொங்கவிட்ட ஒரு வீடு. உள்ளேயிருந்து பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து பெண்களைப் பார்க்க முடியாது, இது நம்மூர் ஆட்கள் கட்டினதாகத்தான் இருக்கும் என்று கிதுரு பாத்திமா சிரித்துக்கொண்டாள். மூன்று, ஒரு பள்ளிவாசல். நாலு, ஒரு வேப்பமரம். வேப்பமரத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றினாலும், அதன் அடியில் நின்று ஒரு இலையைக் கிள்ளி மென்றபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் கூப்பிடவில்லை, அடுத்த எண்ணுக்கு எப்போது போவது என்பதை அவளே முடிவு செய்யலாம். ஐந்து, ஒரு குறுகலான சந்தில், பச்சை வண்ணம் உரிந்துபோன பெரிய கதவுள்ள வீடு.

காயல்பட்டினத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பெண்கள் நடப்பதற்கென்றே முடுக்குகள் உண்டு. பெண்கள் முடுக்கு வழியாகவே பிறந்த வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கும், கல்யாண வீட்டிலிருந்து மவுத்து வீட்டுக்கும் போய்விடுவார்கள், பெருந்தெருவை மிதிக்கவே வேண்டாம். மிதிக்க நேர்ந்து, எதிரே ஆண்கள் வந்துவிட்டால், பக்கத்தில் எந்த வாசல் இருக்கிறதோ அதில் ஏறி, முதுகைக் காட்டி ஒதுங்கி நின்று, காலடிச் சத்தம் கடந்து போன பிறகு இறங்கி நடப்பார்கள். இதை யாரும் கிதுரு பாத்திமாவுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளும் யோசித்துச் செய்ததில்லை. ஆகவே அந்தச் சந்தில் நாலு ஆட்கள் துணி மூட்டைகள் ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு, இரும்புச் சக்கரம் கடகடக்க எதிரே வந்தபோது, ஜித்தாவில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியத்தை, சுவரோரமாகச் சாய்ந்து நின்றாலே போதும் என்கிற இடத்தில், அவள் செய்தாள். இரண்டு படி ஏறி, பச்சைக் கதவு உள்வாங்கியிருந்த மாடத்துக்குள் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ அரபியில் கத்தினார்கள். சக்கரச் சத்தத்தில் அது கேட்கவில்லை. வண்டி போயிற்று. கதவு கொஞ்சம் திறந்து, பெட்டி மூடுகிற சத்தத்தோடு சாத்திக்கொண்டது.

இறங்கியவளைப் பின்னாலிருந்து என்னவோ இழுத்தது. புர்கா ஆணியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். புர்கா எதிலும் மாட்டவில்லை. அவள் காலிலிருந்து கிளம்பின நிழல் படியேறி, தோளுக்கு மேல் கதவிடுக்குக்குள் போயிருந்தது.

எதிரே, தரையில் துணி விரித்து வறுத்த விதைகள் விற்கும் கறுத்த பெண்மணி ஒருத்தியின் பக்கத்தில், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவன் கையில் தேநீர்க் குவளையோடு, தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். கத்தியவன் அவன்தான். குவளையை மெதுவாகக் கீழே வைத்தான். கதவை விட்டு விலகி ஒரு எட்டு வைத்தான். "நாலு," என்றான் தமிழில். இன்னொரு எட்டு. "அஞ்சு." இன்னொன்று. "ஆறு." ஆறாவது எட்டில் நடுத்தெருவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"தம்பி தமிழா?" என்றாள் கிதுரு பாத்திமா.

"அதிராம்பட்டினம், ராத்தா. பேரு சேக்தாவூது," என்றான் அக்கா முறை வைத்து.

"என் நெழல் இந்தக் கதவுல மாட்டிக்கிச்சு. செத்தத் தொறந்து வுடுங்களேன். எனக்கு நாலரைக்கு பஸ்."

அவன் அழுகையை நிறுத்தவும் முடியாமல் பதில் சொல்லாமலிருக்கவும் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அது தொறக்காது ராத்தா. பதினோரு வருசமா நான்தான் அதுல இருந்தேன். இன்னொருத்தரப் புடிச்சாத்தான் இருக்குறவர விடும். அங்க நிக்காதியன்னு கத்துனேன், ஒங்களுக்குக் கேக்கல."

அவன் சொன்னதில் விளங்காதது எதுவுமில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், தலையில் அரிசி மூட்டையோடு அந்தச் சந்தில் வந்தபோது, ஊன்றுகோல் வைத்த ஒரு கிழவருக்கு வழி விடுவதற்காக அந்த மாடத்துக்குள் ஒதுங்கியிருக்கிறான், அவ்வளவுதான். வீட்டுக்கு உரிமைக்காரர்கள் நாற்பது பேர், நாலு தேசத்தில் இருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. தச்சர்களைக் கூட்டி வந்தால், கதவை உடைத்தால் நிழலும் உடையும் என்று உளியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நிழல் எந்நேரமும் கதவைப் பார்த்துத்தான் விழும், சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. ஆனால் அதன் நீளம் மட்டும் சூரியன் சொல்வதைக் கேட்கும். அதிகாலையிலும் சாயங்காலமும் சந்துமுனை வரை போகலாம், அவன் எட்டு எண்ணிய அந்த நேரத்துக்கு மூன்று எட்டுக்கு மேல் விடாது. உச்சியில் கதவோடு ஒட்டி நிற்க வேண்டும். "பொழுது சாஞ்சு மக்ரிபுக்கு மேல எல்லாமே நெழல்தானே ராத்தா, நம்மளையும் உள்ள இழுத்துக்கும். விடிஞ்சா வெளிய வந்துடலாம். கூடம் சுத்தமாத்தான் இருக்கும், நேத்துத்தான் கூட்டுனேன்."

அதற்குள் சந்துக்குச் செய்தி போய்விட்டது. விதை விற்கிற ஹவ்வா எழுந்து நின்று, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு ஓடிவந்து சேக்தாவூதைக் கட்டிப்பிடித்தார், தேன் கடைக்கார ஏமன் நாட்டுக்காரர் அவன் வாயில் ஒரு கரண்டி தேனை ஊற்றினார், சாவி செய்கிறவர்கூட வந்தார். எல்லோரும் அவன் முதுகில் தட்டித் தட்டி வாழ்த்தினார்கள். வாழ்த்தி முடித்ததும், அதே கைகளால், ஒரு கடை கைமாறுவதுபோல, அவனுடைய சாமான்களைக் கிதுரு பாத்திமாவின் பக்கம் நகர்த்தினார்கள். நாற்காலி வந்தது. குடை வந்தது. கெண்டி, விளக்குமாறு, தொழுகை விரிப்பு வந்தன. எந்த நேரத்துக்கு நாற்காலியை எங்கே போட வேண்டும் என்று சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்ததை முடிதிருத்துபவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஹவ்வா, யாரும் மிதித்துவிடாமல், நிழலின் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துவிட்டாள். எல்லோரும் அவளிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். அந்த அன்பைப் பார்க்கப் பார்க்கத்தான் கிதுரு பாத்திமா அவசரமாகப் பையில் போனைத் தேடினாள்.

கூட்டத்தை அழைத்து வந்த நெய்னா ஹாஜியாருக்குப் போன் போட்டாள்.

"எந்த வாசல் லாத்தா? பச்சக் கதவா?" என்றார் அவர், காயல்பட்டினத்து முறையில் அக்காவை அழைத்து.

"ஆமா."

"அடடா. நான் ஹோட்டல்லயே எல்லாத்துக்கும் சொன்னேனே, பாருங்கோ, போட்டோ எடுங்கோ, வாசப்படில மட்டும் ஏறாதீங்கோன்னு. நீங்க அப்ப ஓதிக்கிட்டு இருந்தீங்கோ."

"ஹாஜியார், என் மவளுக்கு நாலு நாள்தான் இருக்கு."

"தெரியும் லாத்தா, எனக்கு மட்டும் கவல இல்லியா? நாப்பத்தஞ்சு பேரு இருக்காங்க, பஸ்ஸ நிறுத்த ஏலாது. நாலரை வரைக்கும் பாப்போம். வரலேன்னா பெட்டியும் பாஸ்போட்டும் டிக்கட்டும் ஹோட்டல்ல குடுத்துட்டுப் போறேன். மனச உட்றாதீங்கோ. போன வருசம் மேலப்பாளையத்துக்காரர் ஒருத்தர் வேற ஒரு கதவுல இப்புடித்தான். இப்ப நல்லா இருக்கார், உடம்பு கொஞ்சம் போட்டிருக்கு."

வெயில் ஏறியது. நிழல் சுருங்கச் சுருங்க, கிதுரு பாத்திமா கோட்டுக்குக் கோடு நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனாள். எட்டு முழம் ஐந்து முழமாகி, ஐந்து முழம் இரண்டு முழமாகி, நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நாற்காலிக்கும் இடமில்லாமல், முதுகும் பிடரியும் குதிகாலும் கதவில் ஒட்டிக்கொள்ள, யாரோ சுவரில் மாட்டிய சட்டையாட்டம் நின்றாள். தலைக்கு மேலே மர ஜன்னல்கள். முன்னால் இரண்டு படி. இரண்டு படிக்குக் கீழே தெரு, அதில் போகிறவர்கள் எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். ஐம்பத்திரண்டு வருடமாக வாசல்களில் ஒதுங்கி நின்றவள், இதுவரை ஒரு வாசலையும் வெறுத்ததில்லை. அன்றைக்கு வெறுத்தாள்.

சேக்தாவூது தன் துணிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு, சந்துமுனைக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். முனையில் போய் நின்றால் கால் எழவில்லை. பதினோரு வருடம் அங்கேதான் இழுப்பு வந்து நிறுத்தியிருக்கிறது. இப்போது இழுப்பு இல்லாவிட்டாலும் கால் தானாக நின்றுவிடுகிறது. நாலாவது முறை திரும்பி வந்தபோது, கிதுரு பாத்திமாவின் போன் அடித்தது. நுஸ்ரத்.

"உம்மா, நாளைக்குக் காலைல வந்துருவீங்கல்ல? எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"வந்துருவேன்மா. இந்தா, பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். ஸம்ஸம் தண்ணி எடுத்தாச்சு. நீ சாப்ட்டியா?" என்றாள் கிதுரு பாத்திமா, தலையைக்கூடத் திருப்ப முடியாமல் கதவோடு ஒட்டி நின்றுகொண்டு, அவ்வளவு இயல்பாக, அவ்வளவு சிரித்த குரலில்.

சேக்தாவூது பையைக் கீழே வைத்துவிட்டான். "நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன் ராத்தா," என்றான். "இதே கொரல்தான். மொதல்ல அடுத்த மாசம் வாரேன்னேன். அப்பறம் நோம்புப் பெருநாளைக்குன்னேன். அப்பறம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு. அதுக்கப்பறம் கபீலு மொதலாளி லீவு தரமாட்றாருன்னேன். அந்தக் கபீலு எந்தக் கபீலுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேருக்குக் கபீல் லீவு தரமாட்றாரு. என் பொண்டாட்டி மைமூனும் நம்பிட்டா."

 பிறகு அவன் அவள் கையிலிருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தான்.

"அஞ்சுக்கு அப்பறம் என்ன இருக்கு ராத்தா?"

"ஆறு இருக்கு. சந்தைன்னு போட்ருக்கு போல."

"கடலு எத்தனாம் நம்பரு?"

"பதினாலு."

"பதினோரு வருசமா கப்பல் ஊதுறது கேக்குது. கடலக் கண்ணால பாக்கல." அவன் வரைபடத்தை வாங்கிக்கொண்டான். சிவப்புக் கோட்டில் விரலை வைத்து, ஐந்திலிருந்து ஆறுக்கு நகர்த்திப் பார்த்தான். "பாத்துட்டு அஸர் பாங்குக்குள்ள வந்துடுறேன். வந்து நானே நின்னுக்கிறேன். நீங்க போயிடுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் கிதுரு பாத்திமா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வாய் அதேபோல மூடிக்கொள்கிறது.

கையில் காகிதம் இருந்ததால் கால் எழுந்தது. விரலைக் கோட்டில் வைத்தபடியே சேக்தாவூது சந்துமுனையைத் தாண்டி, வலது பக்கம் திரும்பி, மறைந்தான். சந்தில் எல்லோரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். ஹவ்வா கிதுரு பாத்திமாவின் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் ஒன்றோடொன்று தட்டித் தூசி உதறிக் காட்டினாள். போனவர் யாரும் வந்ததில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஒரு பிடி விதையை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

மத்தியானம் நகரவே இல்லை. நகராத அந்த மத்தியானத்தில், அதே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள், நுஸ்ரத் வயதுதான், தொப்பியும் தோளில் பையுமாக, எந்த நாட்டுப் பெண்ணோ. பச்சைக் கதவைப் படம் எடுத்தாள். வெயில் தாங்காமல், மாடத்து நிழலைப் பார்த்து, முதல் படியில் கால் வைத்தாள். கிதுரு பாத்திமா சும்மா இருந்தால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டாம். இன்னும் ஒரு படி. அந்த ஒரு படி நேரத்துக்குள் அவள் பஸ்ஸைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள், நுஸ்ரத்தின் வியர்த்த கையைத் தன் கைக்குள் பார்த்தாள்.

"ஏறாதே!" என்று கத்தினாள். "போ! அங்கிட்டுப் போ!"

தெருவில் அவள் குரல் உயர்த்திய முதல் நாள் அது. அந்தப் பெண் பயந்துபோய் இறங்கி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள். கிதுரு பாத்திமா, அவளை விரட்ட முடிந்ததே, சேக்தாவூதிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையே என்று நினைத்தாள். அவன் தானாக ஒப்புக்கொண்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டுச் சந்துமுனையைப் பார்த்தாள்.

நிழல் ஒரு ஆள் நீளம் வந்தால் அஸர் என்பது சின்ன வயதில் ஓதும்போது படித்த கணக்கு. கதவிலிருந்து ஒரு ஆள் நீளம் நகர முடிந்தபோது பாங்கு சொன்னார்கள். அவள் விரிப்பைப் போட்டுத் தொழுதாள். குனியும்போதும் நிமிரும்போதும் நிழல் பிடரியைப் பிடித்து இழுத்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிப் பார்த்தாள். சேக்தாவூது வரவில்லை. நாலு மணி ஆயிற்று, வரவில்லை. நாலரைக்கு நெய்னா ஹாஜியார் போன் செய்து, ஒன்றும் கேட்காமல், "பெட்டி ஹோட்டல்ல இருக்கு லாத்தா, துஆச் செய்யிறோம்," என்று மட்டும் சொன்னார், பின்னால் பஸ் இரைகிற சத்தம் கேட்டது. ஐந்தாயிற்று. ஐந்தரை ஆயிற்று. நிழல் நீண்டுகொண்டே போக, அவள் நடந்துகொண்டே போய்ச் சந்துமுனைக்கு வந்து சேர்ந்தாள். முனையிலிருந்து பெரிய சாலை தெரிந்தது. கார்கள் போயின. அவளால் அதற்கு மேல் ஒரு விரல்கடை போக முடியவில்லை, அங்கேயே, கைப்பிள்ளைக்காரி ஜன்னலில் நிற்பதுபோல, சாலையைப் பார்த்து நின்றாள். அவனை ஏசினாள். வாய்விட்டு, பெயர் சொல்லி, அதிராம்பட்டினத்தையே சேர்த்து ஏசினாள். அவன் இடத்தில் தான் இருந்தால் வந்திருப்போமா என்று யோசித்தாள், ஏச்சு நின்றுபோயிற்று.

சூரியன் சிவந்தபோது பின்னாலிருந்து இழுப்பு வர ஆரம்பித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரி, கோபமில்லாத இழுப்பு. ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போனாள். முடிதிருத்துபவர் விளக்குப் போட்டார். படி காலில் இடித்தபோது, சந்துமுனையில் யாரோ ஓடி வருவது தெரிந்தது.

முழங்கால் வரை நனைந்திருந்தான். வரைபடம் கையில் துணியாகத் துவண்டிருந்தது.

"பதினாலுல கடல் இல்ல ராத்தா," என்றான் மூச்சு வாங்க. "மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்க. கடல் இருந்த எடத்துல ரோடு இருக்கு, கட்டடம் இருக்கு. நான் வுடாம நடந்தேன். கடலு ரொம்பத் தூரம் தள்ளிப் போயிடுச்சு. பாக்காம வர மனசு வரல. மன்னிச்சுக்கிங்க. பிளேனு எத்தனைக்கு?"

"பத்து மணிக்கு."

"அப்ப இருக்கு நேரம். தள்ளுங்க."

அவன் அவளைத் தொடாமல், பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழி விடுகிற மாதிரி ஒருக்களித்து, மாடத்துக்குள் ஏறி, முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்றான். கதவு திறந்து சாத்திக்கொண்டது. கிதுரு பாத்திமாவின் தோளிலிருந்து பாரம் இறங்கியது. அவள் ஓடினாள். சந்து முழுக்க ஓடினாள், செருப்பு ஒன்று கழன்றதையும் எடுக்காமல் ஓடினாள். பின்னால் அவன், "அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா! மைமூனுக்கு ஒரு சலாம் சொல்லிடுங்க!" என்று கூப்பிட்டது கேட்டது. பதில் சலாம் சொல்ல நின்றால் கதவு திரும்பவும் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் சொல்லாமலே ஓடினாள். ஹவ்வா குலவையிடவில்லை.

ஹோட்டலில் பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து விமானம் ஏறி, மறுநாள் காலை காயல்பட்டினம் வந்துவிட்டாள். நாலாம் நாள் நுஸ்ரத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது; கிதுரு பாத்திமா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிள்ளை அழுதது, எல்லாம் நினைத்தபடியே நடந்தது. ஒரு காரியம் மட்டும் மாறிவிட்டது. பெருந்தெருவில் எதிரே ஆண்கள் வந்தால் அவள் வாசல்களில் ஏறுவதில்லை. நடுத்தெருவில் அப்படியே நிற்பாள். அவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள், உம்ராவுக்குப் போய் வந்ததிலிருந்து லாத்தா இப்படி என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒருவர் சொல்லிவிட்ட சலாமைக் கொண்டு சேர்க்காமல் இருக்கக் கூடாது; அது நம்பி ஒப்படைத்த பொருள், அமானிதம். பிள்ளைக்கு நாற்பது கழிந்ததும் கிதுரு பாத்திமா பஸ் ஏறி அதிராம்பட்டினத்துக்குப் போய், கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். மைமூன் முற்றத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கிதுரு பாத்திமா சலாமைச் சொன்னாள். சலாமோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். நிறுத்த முடியவில்லை. பச்சைக் கதவிலிருந்து பதினாலாம் எண் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

மைமூன் இறால் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அன்னிக்கு அவுக ஊருக்கு வந்திருக்கலாமா?" என்றாள்.

"வந்திருக்கலாம்."

"நீங்க வேணாம்னு சொல்லலியா?"

"சொல்லலம்மா," என்றாள் கிதுரு பாத்திமா. "சொல்லணும்னு வாயத் தொறந்தேன். சொல்லல."

மைமூன் கையில் இருந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லாததால் அப்படியே விட்டாள்.

"அவுக அப்புடித்தான் ராத்தா. கல்யாணம் ஆன புதுசுல பட்டுக்கோட்டைக்கு சினிமாக்குக் கூட்டிட்டுப் போனாக. பஸ்ஸுல ஒரு கெழவிக்கு எடத்தக் குடுத்துட்டு, போறப்பயும் நின்னுக்கிட்டே, வாரப்பயும் நின்னுக்கிட்டே. நான் ஒத்தையா உக்காந்திருந்தேன்." உரித்த இறாலைச் சட்டியில் போட்டாள். "அப்ப அவுகள நிறுத்துனது கபீலு இல்ல."

"இல்ல."

"நெழலு ஒண்ணத்தான் புடிக்குமா அந்தக் கதவு?"

"ஒண்ணத்தான்."

"புடிக்கட்டும். பக்கத்துல ஆளு ஒக்காரலாம்ல?"

கிதுரு பாத்திமா அவளைப் பார்த்தாள்.

"வாசல் எத்தன அகலம் இருக்கும் ராத்தா?" என்றாள் மைமூன், சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு.

கிதுரு பாத்திமா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் விரித்தாள்.